ஆச்சி ஓர் அங்குலமும் நகரவில்லை

1930-களில் நடக்கும் ஒரு காதல் நகைச்சுவைப் படம் என்று வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தெரு. சீமையில் படித்துவிட்டு வந்த அத்தான், மாமன் மகளிடம் கை குலுக்கக் கையை நீட்டுகிறான். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு விழிக்கிறாள். அவனுக்குப் பின்னால், திண்ணையில் இருக்கும் ஆச்சி வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள். இங்கே சிரிப்பு வருமா என்பது பாதி நடிப்பில், பாதி கேமரா நிற்கும் இடத்தில்.

அத்தானுக்கும் ஆச்சிக்கும் இடையே 6 மீட்டர். கேமரா அத்தானுக்கு 2 மீட்டர் முன்னால் இருந்தால், ஆச்சி 8 மீட்டர் தள்ளி இருக்கிறாள். தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, உருவம் அத்தனை மடங்கு சிறுக்கும். ஆகவே ஆச்சி அவனில் கால் பங்குதான். அவளுடைய முறைப்பு எடுபடாது. கேமராவை 20 மீட்டருக்குப் பின்னுக்குக் கொண்டுபோனால் ஆச்சி 26 மீட்டரில். இப்போது அவள் அவனில் முக்கால் பங்குக்கும் சற்று மேல். சிறுத்துப்போன அத்தானைப் பழைய அளவுக்குக் கொண்டுவர, 25 மி.மீ. லென்ஸைக் கழற்றிவிட்டு 250 மி.மீ. லென்ஸை மாட்டுகிறார்கள். (மி.மீ. கணக்கு லென்ஸின் குவியத் தூரம்; அது பத்து மடங்கானால் உருவமும் பத்து மடங்காகும்.) ஆச்சியும் சேர்ந்தே பெரிதாகி, அவன் பிடரியில் மூச்சு விடுவதுபோல வந்து நிற்கிறாள்.

டெலி லென்ஸ், அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் இந்த நீண்ட லென்ஸ்தான் இடைவெளியைச் சுருக்குகிறது என்று பலரும் சொல்வார்கள். சுருக்குவது லென்ஸ் அல்ல, கேமரா நிற்கும் தூரம். அதே 20 மீட்டரில் சாதாரண லென்ஸால் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் இதே நெருக்கம் கிடைக்கும். படத்தின் தெளிவுதான் குறையும்.

பழைய காலத்துக் கதைக்கு இன்னொரு வசதியும் உண்டு. வழக்கமான சினிமா கேமராவில் 25 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 53 பாகை அகலத்தைப் பார்க்கும்; 250 மி.மீ. லென்ஸ் 6 பாகைகூடப் பார்க்காது. மின்கம்பமும் டிஷ் ஆன்டெனாவும் தாமாகவே ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

தொல்லையும் உண்டு. நீண்ட லென்ஸ் பின்னணியைப் பெரிதாக்கும்போது அதன் மங்கலையும் பெரிதாக்கிவிடும். ஆச்சியின் கண் தெரியாவிட்டால் இந்த ஷாட்டே வீண். லென்ஸின் துளையை எஃப் 2.8-இலிருந்து 11-க்குக் குறுக்கினால் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) அவள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிவாள். ஆனால் 16 மடங்கு ஒளி வேண்டும். திருநெல்வேலி வெயிலுக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் அதே வெயில் நண்பகலில் தெருவைச் சுட வைக்கும். சூடான காற்றும் சற்றே குளிர்ந்த காற்றும் கலந்து எழும்போது ஒளி வெவ்வேறு அளவில் வளைவதால், 26 மீட்டர் தள்ளியிருக்கும் ஆச்சியின் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளியும். எனவே இந்த ஷாட்டைக் காலை வெயில் தரையைச் சுடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். பெண்ணின் முகத்தை மட்டும் காட்டும் நெருக்கமான ஷாட்டுகளை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.