கார் என்ஜின் எப்போது சூடாகிறது?

என்ஜின் சூடாகிறது என்று பட்டறைக்கு வருபவர்களிடம், எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எப்போது சூடாகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். வேளாங்கண்ணித் திருவிழா நெரிசலிலோ கும்பகோணத்துக் கோயில் வீதிகளிலோ ஊர்ந்து செல்லும்போது மட்டும் டாஷ்போர்டிலுள்ள வெப்பமானி முள் ஏறி, புறவழிச்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது என்றால், ரேடியேட்டர் விசிறியிலோ அதன் ரிலே, ஃபியூஸ், சென்சார் ஆகியவற்றிலோதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். ஏனெனில் வேகத்தில் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டுத் தஞ்சாவூர்–திருச்சி நெடுஞ்சாலையில் சூடேறினால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் போதிய அளவு சுற்றவில்லை அல்லது ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றவில்லை என்று பொருள். கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போனால், சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம் அல்லது கூலன்ட் மிகவும் குறைந்திருக்கலாம்.

விசிறியைச் சோதிப்பது எளிது. என்ஜின் ஓடும்போது ஏ.சி.யைப் போட்டால், பெரும்பாலான கார்களில் விசிறியும் சிறிது நேரத்தில் சுழலத் தொடங்கும்.

நம் டெல்டாவில் ரேடியேட்டர் அடைபடுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பாவும் தாளடியும் அறுவடையாகும் தை, மாசியிலும், சாலையோரம் நெல்லைக் காயவைப்பதும் தூற்றுவதும், வைக்கோல் ஏற்றிய வண்டிகள் முன்னே போவதும் நாம் அன்றாடம் காண்பவை. அப்போது பறக்கும் பதரும் சுணையும் முன்பக்கக் கிரில் வழியாக நுழைந்து, ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் தங்கி, மழையிலும் சேற்றிலும் நனைந்து இறுகிவிடுகின்றன. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும் என்பதால், பலர் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்ப்பையும் மாற்றிய பிறகே இந்த இடத்துக்கு வருகிறார்கள். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்றே பிரித்தால், கம்பளி போல் படிந்த ஓர் அடுக்கே உரிந்து வருவதுண்டு. அதை என்ஜின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கி, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும்; வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கத்தில் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும்.

உள்ளே ஓடுகிற தண்ணீரும் இதே அளவுக்கு முக்கியம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும். அதை ரேடியேட்டரில் தொடர்ந்து ஊற்றினால், குழாய்களுக்குள் காரை படிவதோடு, குளோரைடு உப்பு என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். ‘நம் ஊரில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு?’ என்று கேட்பவர்கள் அதை உறைபனிக்கான மருந்தாக மட்டுமே எண்ணுகிறார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகளே. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகச் சேர்ந்த கலவை ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்; ரேடியேட்டர் மூடி தரும் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் அது 120 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே, மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலே மற்றவை நன்றாக இருந்தும் கூலன்ட் பொங்கி வழியலாம். நிறம் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு கூலன்ட்டுகளைக் கலக்கக் கூடாது. நிறத்துக்குப் பொதுவான நியதி கிடையாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும் அந்த வால்வு இல்லாவிட்டால், என்ஜின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும். என்ஜின் குளிர்ந்திருப்பதாகக் கருதி கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்தும். சில என்ஜின்களிலோ கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, சூடு இன்னும் கூடும்.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் சூடின்றிப் பிடிக்க முடியும்வரை காத்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரைச் சூடான என்ஜினுக்குள் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். ஆவி பறக்கும்போது முள் திடீரெனக் கீழிறங்கினால் மகிழ வேண்டாம்: கூலன்ட் தீர்ந்து சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம்.

சைலன்ஸரில் ஓயாத வெண்புகை, என்ஜின் ஆயிலில் பால் கலந்த நிறம், ரேடியேட்டரில் இடைவிடாத குமிழிகள் ஆகியவை, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போனதற்கான அறிகுறிகள். கூலன்டில் என்ஜினுக்குள் எரிந்த வாயு கலக்கிறதா என்பதை, நிறம் மாறும் நீலத் திரவத்தைக் கொண்டு ஹெட்டைக் கழற்றும் முன்பே உறுதி செய்யலாம். கழற்றிய பின் புது கேஸ்கட்டை மட்டும் போட்டு மூட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹெட்டின் மேல் நேர்விளிம்பை வைத்து, மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் வளைவை அளந்து காட்டச் சொல்லுங்கள். பல என்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடுபவை என்பதால், புது போல்ட்டுகளுக்கான செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேட்பது நல்லது.