கன்டெய்னருக்குள் பெய்யும் மழை

நாங்கள் கன்டெய்னர் பெட்டியில் கப்பலேற்றிய சரக்கை வாங்கியவர் அனுப்பிய அந்தப் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறேன். பேலட்டில், அதாவது மரத்தட்டில், அடுக்கிய நிலக்கடலை மூட்டைகள். மேல் அடுக்கு மட்டும் கறுத்துப் பூஞ்சை பூத்திருந்தது. பெட்டியின் கூரையில் ஓட்டை, கடல்நீர் புகுந்துவிட்டது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சரக்குச் சேதத்தை ஆராய வந்த சர்வேயர் சாக்கின் கறை மீது வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டார். கடல் உப்பு இருந்தால் பால்போல வெளுக்கும்; வெளுக்கவில்லை. அந்தத் தண்ணீரை ஏற்றி அனுப்பியவர்கள் நாங்களேதான்.

பகல் வெயிலில் பெட்டி சூடாகும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அதே ஆவி வியர்த்து, மூட்டைமேல் சொட்டுகிறது. 25 டன் தானியத்தில் ஈரப்பதம் 14 சதவீதம் என்றால், 3,500 லிட்டர் தண்ணீர் கூடவே பயணிக்கிறது. ஒரு சதவீதம் பிசகினால் சுமார் 250 லிட்டர். அதனால் மேலாக இருக்கும் நாலு மூட்டையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மூட்டை அடுக்கின் நடுவிலிருந்து மூட்டையை உருவி, குத்தூசி போட்டு எடுத்துப் பாருங்கள்.

அன்று எங்கள் கடலையின் ஈரம் சரியாகத்தான் இருந்தது. நாங்கள் ஈரம் அளக்கும் மீட்டர் வைக்காத இடம் பேலட். 56 டிகிரியில் 30 நிமிடம் மரத்தைச் சூடேற்றியதற்கான கோதுமைக் கதிர் முத்திரை இருந்ததால் நிம்மதியாக ஏற்றிவிட்டோம். அந்த முத்திரை பூச்சி இல்லை என்றுதான் சொல்லும், மரம் காய்ந்திருக்கிறது என்று சொல்லாது. போதாததற்கு, முந்தின நாள் கழுவிய பெட்டி. தரைப் பலகை தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது.

இப்போதெல்லாம் காலிப் பெட்டி வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்வேன். (வெளியே நம் ஆள் நிற்க வேண்டும், மறக்காதீர்கள்.) கண் இருட்டுக்குப் பழகியதும், ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புவேன். வெளியே வரும் முன் மூக்குக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். முன்பு ஏற்றிய ரசாயனத்தின் வாடையைத் தேயிலையும் காப்பிக்கொட்டையும் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடுங்கள், மேல் அடுக்கின் மீது கிராஃப்ட் தாள் விரியுங்கள். ஆனால் ஈரச் சரக்கை அந்தப் பைகள் காப்பாற்றிவிடும் என்று நம்பாதீர்கள். எடையைப் பெட்டியின் ஒரு பாதியிலேயே குவிக்க வேண்டாம். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகளாவிய விதி.

பூச்சிக்குப் பாஸ்பின் என்ற நச்சுவாயுவால் புகையூட்டினால் கதவில் எச்சரிக்கை ஒட்டியே ஆகவேண்டும். அதைப் பார்க்காமல் அந்தக் கரையில் கதவைத் திறப்பவரின் உயிரே போகலாம்.

தூறலில் மட்டும் ஏற்ற விடுவதில்லை. கட்-ஆஃப், அதாவது துறைமுகத்தில் பெட்டியை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம், நெருங்குகிறது என்று எல்லோரும் கத்துவார்கள். கத்தட்டும், அடுத்த கப்பலில் போகும்.