பெட்டியை அணைக்கும் முன் ‘மவுண்ட்’ என்று தட்டிப் பாருங்கள்

திருகோணமலையில் மீன் வைக்கும் குளிர் அறைகளுக்கும் ஐஸ் ஆலைகளுக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவிகளைப் பொருத்துவதும் திருத்துவதும் என் தொழில். உறைய வைத்த அறக்குளாவோ சூரையோ −18 பாகை செல்சியஸில் அல்லது அதற்குக் கீழே இருந்தது என்பதற்கு எழுத்தில் சான்று கேட்கப்படும் வியாபாரம் இது. அந்தச் சான்றைத் தருவது சுவரில் மாட்டியிருக்கும் கையளவுப் பெட்டி ஒன்றுதான். அதற்குள் சிறிய லினக்ஸ் இயங்குதளம் ஒன்று, பிஸிபாக்ஸ் என்னும் சிறு கட்டளைத் தொகுப்போடு ஓடிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவீடு ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில் போய்ச் சேரும். அப்படியொரு பெட்டியில் இருந்த பத்தொன்பது நாள் பதிவை நானே ஒருமுறை இல்லாமல் ஆக்கினேன். அழிக்கும் கட்டளை எதையும் நான் கொடுக்கவில்லை. கார்டைக் கழற்றுவதற்காகப் பெட்டியை அணைத்தேன், அவ்வளவே.

அணைக்கும் முன் பார்க்காமலும் இல்லை. திரையில் வெப்பநிலைக் கோடு ஒழுங்காக ஓடியது. சீரியல் கேபிளைச் செருகி, ‘எல்எஸ்’ கட்டளையால் பதிவுக் கோப்பகத்தைத் திறந்தபோது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்பு வரிசையாக இருந்தது. திருப்தியோடு அணைத்துவிட்டு, கார்டை மடிக்கணினியில் போட்டால் கடைசிக் கோப்பு பத்தொன்பது நாளுக்கு முன்பு கரண்ட் போன இரவோடு நின்றிருந்தது. “தம்பி, கோடு ஓடிக்கொண்டுதானே இருந்தது?” என்று முதலாளி கேட்டார். “ஓம் முதலாளி, ஓடினதுதான்” என்பதற்கு மேல் சொல்ல அன்று எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நடந்தது இதுதான். கரண்ட் திரும்பி வந்து பெட்டி மறுபடி எழும்பியபோது கார்டை அதனால் அடையாளம் காண முடியவில்லை. உப்புக் காற்று கார்டுச் செருகியின் பித்தளை முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. எங்கள் ஊரில் கடலிலிருந்து நூறு யார் தூரத்துக்குள் இருக்கும் எந்த மின்னணுப் பெட்டியைத் திறந்தாலும் இந்தப் பச்சையைக் காணலாம். கார்டு ஏற்றப்படவில்லை, அதாவது கோப்பக மரத்தோடு இணைக்கப்படவில்லை என்பது பதிவு செய்யும் நிரலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ‘வார்/டேட்டா’ என்ற பாதை மட்டும்; அந்தக் கோப்பகமோ பெட்டி எழும்பும்போதே தொடக்க ஸ்கிரிப்டினால் உருவாக்கப்பட்டு, கார்டுக்காகக் காத்திருந்த வெறுங்கோப்பகம். நிரல் அதிலேயே எழுதத் தொடங்கிவிட்டது. ‘வார்’ இருந்ததோ ரேம் நினைவகத்தில்; பெட்டியை அணைத்தால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும்.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்பு, ஆட்களையும் வாகனங்களையும் மறுகரைக்கு ஏற்றிச் சென்ற மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். பாதை வந்து நிற்காத நேரத்திலும் துறை அங்கேயேதான் இருக்கும். இருட்டில் துறையைப் பார்த்துவிட்டுப் பாதை நிற்கிறது என்று காலை வைத்தால் தண்ணீருக்குள்தான் போக வேண்டும். கோப்பு முறைமையை, அதாவது ஒரு சேமிப்பகத்தில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை, ஏற்றும் இடமும் ஒரு துறைதான். யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கார்டுக்கென விண்டோஸில் போலத் தனி எழுத்தோ தனிச் சாளரமோ கிடையாது. எல்லாச் சேமிப்பகங்களும் ஒரே மரத்தின் ஏதோவொரு கிளையில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியிருக்கிறதா, வெறுங்கிளைதானா என்பதை ‘எல்எஸ்’ சொல்லாது.

அதைச் சொல்வது ‘மவுண்ட்’ கட்டளை. பின்னொட்டு எதுவும் இல்லாமல் அந்த ஒரு சொல்லைத் தட்டி எண்டரை அழுத்தினால், அப்போது ஏற்றப்பட்டிருக்கும் கோப்பு முறைமைகள் எல்லாம் வரிக்கு ஒன்றாக வரும். நான் சொன்ன பெட்டி நலமாக இருக்கும்போது ஆறு வரிகள் வரும். மூல மரத்துக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ், இயங்குதளத்தின் மையமான கருவைப் (கெர்னல்) பற்றிய தகவல்களுக்கு ப்ராக் மற்றும் சிஸ்எஃப்எஸ், சாதனங்களுக்கு டெவ்டிஎம்பிஎஃப்எஸ், ‘வார்’ கோப்பகத்துக்கு ரேமில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ், ஆறாவதாக கார்டு. ஒவ்வொரு வரியிலும் முதலில் சாதனத்தின் பெயரும், ‘ஆன்’ என்பதற்குப் பின் ஏற்றப்பட்ட இடமும், ‘டைப்’ என்பதற்குப் பின் கோப்பு முறைமையின் வகையும், அடைப்புக்குறிக்குள் விருப்பத்தேர்வுகளும் இருக்கும். கார்டின் வரியில் சாதனப் பெயர் ‘எம்எம்சிபிஎல்கே0பி1’ என்று முடியும், வகை விஃபேட். அந்த ஆறாவது வரி வரவில்லையென்றால் கார்டு பெட்டிக்குள் இருந்தாலும் இல்லாததற்குச் சமம்.

அடைப்புக்குறிக்குள் முதலில் வரும் இரண்டெழுத்தையும் விடாமல் படிக்க வேண்டும். ‘ஆர்டபிள்யூ’ என்றால் வாசிக்கவும் எழுதவும் முடியும். ‘ஆர்ஓ’ என்றால் வாசிக்க மட்டுமே முடியும். விஃபேட் கார்டில் அமைப்புக் கோளாறு ஒன்றைக் கண்டவுடன் லினக்ஸ் கருவானது, வேறு விதமாகச் சொல்லி வைக்காவிட்டால், அந்தக் கார்டை அந்த இடத்திலேயே வாசிப்பு மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடும். மேலும் கெடாமல் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் நேற்று ‘ஆர்டபிள்யூ’ என்றிருந்த வரி இன்று ‘ஆர்ஓ’ என்று மாறியிருப்பதைப் பெட்டி யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. கரண்ட் அடிக்கடி போய்வரும் இடங்களில், முறையாக இறக்கப்படாத கார்டுகளில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ‘டிமெஸ்ஜ்’ கட்டளையில் கருவின் குறிப்புகளைப் புரட்டினால், கார்டு முறையாக இறக்கப்படவில்லை, தரவு சில பழுதாகியிருக்கலாம் என்ற எச்சரிக்கை பெட்டி எழும்பிய நேரத்திலேயே அங்கே பதிவாகியிருக்கும்.

‘டிஎஃப்’ கட்டளையைப் பலர் இதற்கு மாற்றாக நினைக்கிறார்கள். அது கொள்ளளவைக் காட்டுவது. ப்ராக் போன்ற அளவில்லாத முறைமைகளை இயல்பாக விட்டுவிடும், ஆகவே முழுப் பட்டியல் ஆகாது. ஆனாலும் அதில் ஒரு வசதி உண்டு. ‘டிஎஃப்’ கட்டளைக்குப் பின் ‘வார்/டேட்டா’ பாதையைக் கொடுத்தால், அந்தப் பாதை உண்மையில் எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறதோ அதன் வரி மட்டும் வரும். 8 ஜிபி கார்டு ஏறியிருந்தால் ஏறத்தாழ 7.4 ஜி என்று அளவு காட்டும். ஏறாவிட்டால் டிஎம்பிஎஃப்எஸ் என்ற பெயரும், ரேமின் பாதியளவும் காட்டும். 64 எம்பி ரேம் உள்ள பெட்டியில் அது 30 எம்பியைச் சுற்றி நிற்கும். எங்கள் பதிவுகள் நாளுக்கு நூறு கேபியைக்கூடத் தாண்டுவதில்லை. பத்தொன்பது நாளும் நிரல் ஒரு முறைகூட முனகாததற்குக் காரணம் அதுவே.

இடையில் ஒன்று. அதே ‘டிஎஃப்’ பட்டியலில் மூல மரம் 100 விழுக்காடு நிரம்பிவிட்டதாகத் தெரிவதைப் பார்த்து, “டிஸ்க் ஃபுல்” என்று பதறி என்னை அழைப்பவர்கள் ஆண்டுக்கு நாலைந்து பேராவது இருக்கிறார்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது சுருக்கி அடைத்து முத்திரையிட்ட பொதி. அதில் எழுத இடமே கிடையாது, எனவே எப்போதும் 100 என்றுதான் காட்டும். தயவுசெய்து அதற்காக எதையும் அழிக்க முயல வேண்டாம்.

இப்படிக் கருவிகளுக்குள் பொதிந்து ஓடும் உட்பொதி இயங்குதளங்கள் எல்லாமே லினக்ஸ் அல்ல. ட்ரோன்களின் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகைகளில் காணப்படும் நட்எக்ஸ் இயங்குதளத்தில் கட்டளை தட்டும் ஷெல்லிலும் ‘மவுண்ட்’ என்று மட்டும் தட்டினால் பட்டியல் வரும். ஆனால் அது மேலே சொன்ன ப்ராக் போன்ற ப்ராக்எஃப்எஸ் வழியாகத் தகவலை எடுப்பதால், கட்டமைக்கும்போது அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் பட்டியலும் கிடைக்காது. விஎக்ஸ்வர்க்ஸ் என்னும் இன்னோர் இயங்குதளத்தில் ‘டெவ்ஸ்’ என்று கேட்க வேண்டும். இந்த விஎக்ஸ்வர்க்ஸ் ஓடிய ஒரு வண்டிக்கும் ஏற்றுதலால் சோதனை வந்தது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட், பதினெட்டாம் செவ்வாய் நாளில் ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகிப்போனதால், அந்தக் கோப்பு முறைமையை ஏற்றும்போது ரேம் போதாமல் கணினி மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தது. பூமியிலிருந்த பொறியாளர்கள் ஃபிளாஷை ஏற்றாமலே எழும்பும்படி கட்டளை அனுப்பி, ரேமை மட்டும் கொண்டு கணினியை ஓட வைத்து, பிறகு கோப்புகளை அழித்து வழிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டி 2010 வரை பேசியது. ஏறாத ஃபிளாஷ் அங்கே உயிரைக் காத்தது. எனக்கு ஏறாத கார்டு மானத்தை வாங்கியது.

துறையில் இறக்கிய சரக்கின் மேல் பாதை வந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவசரத்தில் பலர் செய்வது அதைத்தான். கார்டு ஏறாத நிலையில் எழுதப்பட்ட கோப்புகள் ‘வார்/டேட்டா’வில் கிடக்கும்போது, கார்டைக் கழற்றி மாட்டி ஏற்றிவிட்டால் அந்தக் கோப்புகள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அவை அழிவதில்லை; கார்டின் கோப்பு முறைமைக்கு அடியில் அப்படியே கிடந்து இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். ‘வார்’ கோப்பகத்தை ‘பைண்ட்’ என்னும் விருப்பத்தேர்வோடு வேறொரு வெறுங்கோப்பகத்தில் இன்னொரு முறை ஏற்றினால், மேலே நிற்கும் கார்டு அந்தப் பிரதியில் வராது. அடியில் கிடக்கும் கோப்புகள் அப்படியே தெரியும். ஆனால் பெட்டியை அணைத்துவிட்டால் இந்த வித்தை எதுவும் உதவாது.

இப்போது நான் பொருத்தும் பெட்டிகளில் தொடக்க ஸ்கிரிப்டில் இரண்டு வரி கூட்டியிருக்கிறேன். நிரலைத் தொடங்கும் முன் ‘மவுண்ட்பாயிண்ட்’ என்னும் கட்டளை ‘வார்/டேட்டா’வைச் சோதிக்கிறது, அங்கே எதுவும் ஏறியிருக்காவிட்டால் நிரல் தொடங்காது, பெட்டியின் பீப்பர் விடாமல் கத்தும். குளிர் அறையில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சத்தம் எரிச்சல்தான், ஒருவர் பீப்பரில் பஞ்சை அடைத்தும் வைத்தார். ஆனால் பிறர் பொருத்திய பழைய பெட்டிகள் ஊரில் இன்னும் நிறைய உண்டு. அவற்றுக்கு இந்தக் காவல் கிடையாது.

அப்படியொரு பழைய பெட்டியைத் திருத்த, வேறொரு குளிர் அறைக்குச் சென்ற மாதம் போனேன். சீரியல் கேபிளைச் செருகி முதலில் தட்டியது ‘மவுண்ட்’. ஐந்து வரிகள்தான் வந்தன. மின்செருகிக்குப் பக்கத்தில் நின்ற பொடியனிடம், “தம்பி, அதில கை வைக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு, யூஎஸ்பி பென் ஒன்றைச் செருகி, ‘வார்’ கோப்பகத்துக்குள் புதிதாக ஓர் இடம் உருவாக்கி அதை ஏற்றினேன். பென்னாவது ஏறியதா என்று மறுபடியும் ‘மவுண்ட்’ தட்டிப் பார்த்தேன். அங்கேயும் வெறுந்துறையில் நகலெடுத்து ஏமாந்த கதை நண்பர் ஒருவருக்கு உண்டு. பதினொரு நாள் கோப்புகளை நகலெடுத்து, ‘எம்டி5சம்’ கொண்டு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டேன். நகலெடுக்கும் கட்டளை முடிந்த பிறகும் எழுதியவை முப்பது விநாடி வரை, சிலவேளை அதற்கு மேலும், ரேமிலேயே காத்திருக்கக்கூடும் என்பதால், அவற்றை உடனே எழுதச் சொல்லும் ‘சிங்க்’ கட்டளையைக் கொடுத்து, பென்னை முறையாக இறக்கிக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகே பொடியனைப் பார்த்துத் தலையசைத்தேன். செருகியின் முனைகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய விட்டு, புதிய கார்டைப் போட்டு மறுபடி எழுப்பினோம். பட்டியலில் ஆறாவது வரி ‘ஆர்டபிள்யூ’ என்ற எழுத்துகளோடு வந்த பிறகு மூடியின் நான்கு ஆணிகளையும் முடுக்கினேன்.