மாடியில் இறுகிக் கிடக்கும் வால்வு

பாத்ரூம் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கும்போதுதான் பல வீடுகளில் மொட்டை மாடி வால்வின் நினைப்பே வரும். ஓடிப்போய்த் திருகினால் அசையாது. இல்லையென்றால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் நிற்காது.

பழைய வீடுகளில் டேங்க்கிலிருந்து இறங்கும் பைப்பில் பெரும்பாலும் இருப்பது பித்தளை கேட் வால்வு. வட்டக் கைப்பிடியைத் திருகத் திருக, உள்ளே ஆப்பு வடிவத் தகடு ஒன்று மரை வழியாக இறங்கி வழியை அடைக்கும். வீட்டு வால்வுகளில் பெரும்பாலும் அந்த மரை தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. வம்பு அங்கேதான். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கார்பன் டை ஆக்சைடை இழந்ததும் கரையாத கால்சியம் கார்பனேட்டாகிவிடும். பாத்ரூம் வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான். அவ்வப்போது திருகும் வால்வில் இந்தப் படிவு உரசி உதிர்ந்துவிடும். வருஷக்கணக்கில் தொடாத வால்வில் மரையின் பள்ளங்களை நிரப்பிக் கெட்டியாகிவிடும். தகடு உட்காரும் இடத்திலும் படிவதால், முழுக்க மூடினாலும் ஒழுகும்.

சில வகைத் தண்ணீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தையும் மெல்லக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது செம்பு நிறத்தில், நுண்துளைகளோடு, எளிதில் உடையும் உலோகம். அதில் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியையும் தகட்டையும் இணைக்கும் தண்டு, முறிந்து கையோடு வந்துவிடும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடித் திறந்தாலே இதைப் பெரிதும் தவிர்க்கலாம். கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் உடனே புது வால்வு வாங்க ஓட வேண்டாம். அந்தத் தண்டைச் சுற்றியிருக்கும் கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் பால் வால்வு போடுவதுதான் நல்லது. துளையிட்ட உருண்டை கால் சுற்றில் வழியை அடைத்துவிடும், உப்பு படிந்து இறுகத் தண்ணீருக்குள் மரை இல்லை. கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பட்டென்று மட்டும் மூடாதீர்கள். ஓடிவந்த தண்ணீர் சட்டென நின்றால் பைப் அதிரும்.

வேலைக்கு முந்தின நாளே மோட்டார் போடாமல் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியனும், அதாவது பைப்பை அறுக்காமலே கழற்றி மாட்டக்கூடிய இணைப்பும், போடச் சொல்லுங்கள். யூனியன் இல்லையென்றால் அடுத்த முறையும் பிளம்பர் ஹேக்ஸாவை எடுத்துப் பைப்பை அறுக்க வேண்டியிருக்கும்.