எபேசுவுக்குப் போகும் முன் ஷூவின் அடியைப் பாருங்கள்

பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு ஊர்களைப் பார்க்க, துருக்கிக்கு 'ஏழு சபைகள்' பயணம் போய்வருகிறவர்களில் சிலர் கணுக்காலில் கட்டோடு என் பிசியோதெரபி அறைக்கு வந்துவிடுகிறார்கள். எங்கே விழுந்தீர்கள் என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. அந்த ஏழில் ஒன்றான, இடிபாடுகளாகக் கிடக்கும் ரோமானியர் காலத்து நகரம் எபேசுதான்.

நானே அங்கே போய் நின்றபோது காரணம் விளங்கியது. பெரும்பாலான குழுக்களை மேல் வாசலில் இறக்கிவிட்டு, பஸ் கீழ் வாசலுக்குப் போய்க் காத்திருக்கும். இறக்கம்தானே, மூட்டுவலிக்காரருக்குச் சுலபம் என்று நினைப்போம். ஏற்றம் மூச்சைப் பதம்பார்க்கும். இறக்கம் முழங்காலைப் பதம்பார்க்கும். ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நம் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் முழங்கால் சில்லில் அழுத்தம் கூடுகிறது.

அந்த இறக்கம்தான் குரேட்டஸ் தெரு. காலடியில் பளிங்கு, எண்ணெய் தடவிய அம்மிபோலத் தேய்ந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தால் சில பலகைகளில் வரிவரியாகக் கீறல்கள். ரோமானியர்களும் வழுக்கியிருப்பார்கள் போலிருக்கிறது!

தெரு முடிகிற இடத்தில் செல்சஸ் நூலகம். 2ஆம் நூற்றாண்டில் தந்தையின் நினைவாக மகன் எழுப்பியது. தந்தையின் கல்லறையும் அதன் அடியிலேயே இருக்கிறது. சரிந்து கிடந்த முகப்பை 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் மீண்டும் நிறுத்தினார்கள். இரண்டு அடுக்கும் படத்தில் விழ வேண்டுமே என்று செல்பேசியைப் பார்த்தபடி எல்லோரும் பின்னால் நகர்வார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படித்தான் நகர்ந்தார். மூன்றாவது அடியில் தரை இல்லை, படியின் விளிம்பு.

கூட வந்தவர் தைலம் போட்டு அழுத்தி நீவிவிட்டிருக்கிறார். அந்தச் சுளுக்கிய காலோடு ஆசிரியை, சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கத்தின் செங்குத்துப் படிகளிலும் ஏறியிருக்கிறார். அப்போஸ்தலன் பவுலுக்கு எதிராக ஜனங்கள் கூச்சலிட்ட இடமாயிற்றே, பார்க்காமல் வர மனம் வருமா? மூன்று வாரத்தில் ஆற வேண்டிய சுளுக்கு மூன்று மாதம் இழுத்தது.

தோல் அடி வைத்த செருப்பு வேண்டாம். ஷூ பழையதென்றால் திருப்பிப் பாருங்கள். அடியில் வரிகள் மழுங்கியிருந்தால் அதுவும் வேண்டாம். தனி டிக்கெட் வாங்கிப் பார்க்கும், சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய ரோமானியர் காலத்து மாடி வீடுகளின் சுவரோவியங்கள் அருமை, ஆனால் படிகள் ஏராளம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் முதலில் நின்றுகொள்ளுங்கள், பிறகு செல்பேசியை எடுங்கள்.

விழுந்துவிட்டால் நீவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை கால் மணி நேரம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால், அடுத்த ஊருக்குக் கிளம்பும் முன் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.