பி0016 வந்தால் சென்சாரில் கை வைக்காதீர்கள்

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரைச் செருகினால் பி0016 என்ற கோளாறுக் குறியீடு. பிக்கப் குறைந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம். உடனே கேம் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து, வண்டியை அனுப்பிவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொன்னது.

பிஸ்டன்களால் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை செயின் அல்லது பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் சென்சார் பார்க்கும் சக்கரத்தில் ஓரிடத்தில் பல் இருக்காது. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 60 பல்லுக்கான இடத்தில் 58 மட்டுமே இருக்கும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த வெற்றிடம் கடந்து எத்தனையாவது பல்லில் கேம் சிக்னல் மாற வேண்டும் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரியும். கணக்கு தப்பினால் பி0016. சென்சாரோ வயரோ செத்துப்போனால் பொதுவாக பி0335 (கிராங்க்) அல்லது பி0340 (கேம்) வரும். பி0016 என்றால் இரண்டு சிக்னலும் வந்துகொண்டிருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சென்சார் தளர்ந்தோ அதன் முனையில் இரும்புத்தூள் ஒட்டியோ இப்படி ஆவதும் உண்டு. கழற்றித் துடைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எத்தனை டிகிரி தப்பியிருக்கிறது, அந்த அளவு நிலையாக நிற்கிறதா, ஆடுகிறதா? நோய் எங்கே என்பதை இந்தக் கேள்விதான் காட்டிக்கொடுக்கும்.

36 பல் கொண்ட கேம் ஸ்பிராக்கெட்டும் (செயின் மாட்டும் பல்சக்கரம்) 8 மி.மீ. பிட்ச், அதாவது கண்ணி இடைவெளி கொண்ட செயினும் உள்ள எஞ்சினை எடுத்துக்கொள்வோம். செயின் ஒரு பல் தாண்டினால் கேம் 10 டிகிரி, அதாவது கிராங்க் கணக்கில் 20 டிகிரி விலகும். இது திடீரென்று வரும், வந்தபின் அசையாது. செயின் தேய்மானம் வேறு மாதிரி. 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோமே, தகடுகள் இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. தொய்வை, செயினை அழுத்தி இறுக்கும் டென்ஷனர் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும். கேமை இழுக்கும் இறுக்கமான பக்கத்தில் அதற்கு வேலையில்லை. அங்கே 400 மி.மீ. செயின் ஒரு சதவீதம் நீண்டால் 4 மி.மீ.; கேம் 5 டிகிரி, கிராங்க் கணக்கில் 10 டிகிரி பின்தங்கிவிடும். இந்த எண் மாதக்கணக்கில் மெல்ல ஏறும்.

ஆயில் சூட்டுக்கும் ஆர்பிஎம்முக்கும் தக்கபடி எண் ஆடினால் செயினை விட்டுவிட்டு வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் வால்வு டைமிங் பக்கம் திரும்புங்கள். கேமின் முனையிலுள்ள ஃபேஸரை முன்பின் திருப்புவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். அந்த ஆயிலைத் திறந்துவிடுவது மின்சாரத்தில் இயங்கும் ஒரு சாலினாய்டு வால்வு. முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைவு, தாரைப்போல் கெட்டியான பழைய ஆயில், தவறான கிரேடு, இந்த மூன்றும் ஃபேஸரை முடக்கும். பிறகு சாலினாய்டின் ரெசிஸ்டன்ஸ். டொயோட்டாவின் பல விவிடி-ஐ (அதன் வேரியபிள் வால்வு டைமிங்) எஞ்சின்களில் 20 டிகிரி செல்சியஸில் அது 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். அதன் ஆயில் வழியில் உள்ள சின்ன வலை ஃபில்டரில் கசடு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்டேக் பக்கத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் சாலினாய்டின் கப்ளரைக் கழற்றி, ஓரிரு நொடி மட்டும் நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். எஞ்சின் உதறி, அணையப் பார்த்தால் ஃபேஸர் திரும்புகிறது. ஒன்றுமே ஆகாவிட்டால் வால்வோ ஃபேஸரோ சிக்கியிருக்கிறது. வால்வு நன்றாக இருந்து, கப்ளரைக் கழற்றிய பிறகும் விலகல் அப்படியே நின்றால் சந்தேகம் செயின் பக்கம் போகிறது.

மூடியைத் திறக்கும் முன் ஆசிலோஸ்கோப்பில் கிராங்க், கேம் இரண்டையும் ஒரே திரையில் எடுத்து, அதே எஞ்சினின் சரியான அலைவடிவத்தோடு ஒப்பிடலாம். 58 பல் சக்கரத்தில் மூன்று பல் தள்ளி மாறினால் 18 டிகிரி. ஸ்கோப் இல்லாதவர்களுக்கு, இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கும் வேக்குவம் கேஜ் இருக்கிறது. கடல் மட்டத்தில், ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும். கேம் பின்தங்கினால் முள் நடுங்காமல் கீழேயே நிற்கும். ஆனால் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஊட்டியில் நல்ல எஞ்சினே 11, 12 காட்டும், அதைப் பார்த்துச் செயினைக் கழற்றிவிடாதீர்கள். கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் ஒரே அளவில் குறைந்து, ஸ்பார்க் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் அதுவும் டைமிங்கையே காட்டும்.

செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் மோட்டார் சர்ரென்று ஓடினால் செயினோ பெல்ட்டோ அறுந்திருக்கலாம். மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதும்.

திறந்து பார்க்கும்போது கிராங்கை எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். பின்னோக்கித் திருப்பினால் தொய்வு இழுக்கும் பக்கம் வந்து, சரியான டைமிங்கும் தவறாகத் தெரியும். செயினின் வண்ணக் கண்ணிகள் மாட்டும்போது மட்டுமே உதவும். எஞ்சின் சுற்றியபின் அவை ஒவ்வொரு முறையும் குறிக்கு நேரே வராது, அதைக் கண்டு பதற வேண்டாம். ஸ்பிராக்கெட்டிலுள்ள குறிகளை நம்புங்கள். புதிய செயின் மாட்டியதும் பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள். நடுவில் கெட்டியாக ஏதாவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், அது வால்வு.