மழை வந்தால் முட்டை, தரை சுத்தமாக இருந்தால் குஞ்சு

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டிய ஒரு காலையில், பால் பாக்கெட்டை எடுக்க எழுந்தவன் ஹாலில் இருந்த மீன்தொட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். முன்பக்கக் கண்ணாடியில் கடுகு அளவில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன், தொட்டிக்குள் மூன்று கோரி மீன்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கண்ணாடியில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. அதன் பிறகுதான் அவை முட்டை என்று உறைத்தது. சென்னைக் கொளத்தூரில் வாங்கி வந்து ஒன்றரை வருடம் சும்மா தரையைக் கிளறிக்கொண்டிருந்த மீன்கள் அவை.

கோரி என்று கடைகளில் சொல்வது கோரிடோராஸ் வகைக் கெளுத்தி. நம் ஊர்க் குளத்துக் கெளுத்தி மாதிரி வளராது, இரண்டு மூன்று அங்குலத்தோடு சரி. உடம்பில் செதில் இல்லை, பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்த மாதிரி இருக்கும். என்னிடம் இருப்பது வெண்கல நிறக் கோரி. 1858இல் டிரினிடாட் தீவு மீனை வைத்து இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள், 2024இல் கோரிடோராஸ் பேரினத்தைப் பல துண்டாகப் பிரித்தபோது இது ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்துக்குப் போய்விட்டது. கடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார், கோரி என்றே கேளுங்கள்.

மழைக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு? இதன் சொந்த ஊரில் கோடையில் ஓடைகள் வற்றித் தண்ணீர் சூடேறிக் கிடக்கும். மழை இறங்கியதும் குளிர்ந்த, உப்புக் குறைந்த புதுத் தண்ணீர் வரும், கூடவே புழுவும் பூச்சியும் பெருகும். அந்த நேரத்தில் குஞ்சு பொரிந்தால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதனால் தண்ணீர் சட்டென்று குளிர்வதையே மீனின் உடம்பு அடையாளமாக வைத்திருக்கிறது. வளர்ப்பவர்கள் செய்வதும் இதைத்தான். ஒரு வாரம் செம்புழு, ப்ளட்வார்ம் என்று நன்றாகத் தீனி போட்டுத் தாயின் வயிறு உப்பியதும், தொட்டியில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவார்கள். மொட்டைமாடியை முதல் அரை மணி நேர மழை கழுவிவிட்ட பிறகு பிடித்த மழைநீர் கிடைத்தால் அதைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். சித்திரை வெயிலில் தொட்டியே 31 டிகிரியில் கொதிக்கும்போது முயற்சி செய்யாதீர்கள், மீனுக்கும் கஷ்டம், நமக்கும் வெறுப்பு.

ஆண் பெண் கண்டுபிடிக்க மேலேயிருந்து பாருங்கள். பெண் அகலமாக, தோளுக்குப் பின்னால் உருண்டு தெரியும், ஆண் ஒல்லி. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருந்தால் நல்லது.

இனி இந்த மீனிலேயே விசித்திரமான சமாச்சாரம். முட்டையிடும் நேரத்தில் ஆண் குறுக்காக நின்று, பெண்ணின் மீசையைத் தன் பக்கத்துடுப்பால் பிடித்துக்கொள்ளும், மேலேயிருந்து பார்த்தால் ஆங்கில டீ எழுத்து மாதிரி தெரியும். பெண்ணின் வாய் சரியாக ஆணின் விந்து வெளிவரும் இடத்தில் இருக்கும். அது விந்தைக் குடிக்கிறது! வளர்ப்பவர்கள் ரொம்ப நாளாகப் பார்த்தும் நம்பாமலும் இருந்த விஷயம் இது. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெண்கலக் கோரியின் வாயருகே நீலச் சாயத்தைவிட்டுப் பார்த்தார்கள். வாய் வழியே போன சாயம் சில நொடிகளில் குடல் வழியாக வெளியே வந்து முட்டைகள் இருக்கும் இடத்தில் பரவியது. பெண் தன் அடித்துடுப்புகள் இரண்டையும் கூப்பிய கை மாதிரி சேர்த்து வைத்து அதில் இரண்டு மூன்று முட்டைகளை ஏந்தியிருக்கும், விந்து நேராக அங்கே போய்ச் சேருகிறது. இவ்வளவு வேகமாகக் குடலைக் கடந்தால் செரிமானம் ஆக நேரம் ஏது?

இன்னொன்றும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. கோரி அடிக்கடி மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுப்பது குடலின் பின்பகுதி, மிச்சம் பின்னால் போய்விடும். அதாவது எதையும் வேகமாக உள்ளே தள்ளி வெளியே விடப் பழகிய குடல் இது. விந்து குடிக்கும் பழக்கத்துக்கு அந்த அமைப்பு கைகொடுத்திருக்கலாம் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

ஏந்திய முட்டைகளோடு தாய் கண்ணாடிக்கு வந்து, ஓர் இடத்தை வாயால் சுத்தம் செய்து, வயிற்றை அழுத்தி ஒட்டும். அப்புறம் மறுபடி ஆணிடம். இப்படியே பல மணி நேரம், நல்ல பருவத்தில் இருக்கும் தாய் நூறு இருநூறு முட்டைகூட இடும். எல்லாம் முடிந்ததும் பெற்றோர் இருவரும் அதே முட்டைகளைச் சாப்பிட ஆரம்பிப்பார்கள். பாசமெல்லாம் அவ்வளவுதான்.

ஆகவே முட்டைகளைப் பிரிக்க வேண்டும். சில மணி நேரத்தில் ஓடு கெட்டிப்பட்டுவிடும், காலாவதியான ஏடிஎம் கார்டால் மெதுவாகச் சுரண்டினால் ரப்பர் உருண்டை மாதிரி கழன்று வரும். அதே தொட்டித் தண்ணீரை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் எடுத்து, ஏர் ஸ்டோன் மெல்லக் குமிழிவிட, முட்டைகளைப் போட்டு, தண்ணீர் வெளிர் நீலமாகும் அளவு மெத்திலீன் ப்ளூ (பூஞ்சையைத் தடுக்கும் நீலச் சாயம்) விடுங்கள். கருவில்லாத முட்டையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும், பிறகு பஞ்சு மாதிரி வளர்ந்து பக்கத்து முட்டையையும் மூடும். செத்த முட்டை சாயத்தை உறிஞ்சி அடர் நீலமாகிவிடுவதால் பொறுக்கி எறிவது சுலபம். உயிருள்ளது பழுப்பாகி, மூன்றாம் நாள் உள்ளே இரண்டு கரும்புள்ளிக் கண் தெரியும். 26 டிகிரியில் நான்காம் நாள் வாக்கில் பொரிந்துவிடும்.

இது வரைக்கும் யார் வேண்டுமானாலும் வந்துவிடலாம். என் முதல் ஈட்டில் ஐம்பது குஞ்சுக்கு மேல் பொரிந்தது. எட்டாம் நாள் காலையில் நான்குதான் அசைந்துகொண்டிருந்தன.

கடையில் ஒருவர், வேகவைத்த முட்டை மஞ்சள்கருவைக் கரைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார், நானும் தாராளமாக விட்டேன். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. டப்பாவின் தரையை விரலால் தொட்டபோதுதான் புரிந்தது, வெண்டைக்காய் நறுக்கிய பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. கோரிக் குஞ்சு நீந்தித் திரிவதில்லை, வயிறு படியத் தரையில் கிடக்கும். அதன் உலகம் தரையை ஒட்டிய சில மில்லிமீட்டர் தண்ணீர் மட்டும். மிச்சத் தீனி அழுகிப் பாக்டீரியா படலம் படர்வதும், அது ஆக்சிஜனை இழுப்பதும், அம்மோனியா ஊறுவதும் அதே இடத்தில். சின்னக் குஞ்சுக்குச் செவுள் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, தோல் வழியாகவும் மூச்சு வாங்கும், அந்தத் தோலை வைத்துத்தான் அழுக்கின் மேல் படுத்திருக்கிறது. மேலே தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தால் என்ன?

அதனால் இப்போது இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குஞ்சுகளைத் தண்ணீரோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு, காலியானதைத் தேய்த்து வெயிலில் காயவைப்பேன். நடுவில் தினமும் இரண்டு வேளை, ஏர் டியூபால் தரையை உறிஞ்சி வெள்ளை மக்கில் விடுவேன், தவறி வந்த குஞ்சு அதில் தெரியும், எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். இரண்டு மூன்று சிவப்பு நத்தைகள் மிச்சத்தை மேயும். பீட்டா என்ற சண்டை மீன் வளர்ப்பவர்கள் போடுகிற காய்ந்த நாட்டுவாதுமை இலை ஒரு துண்டும் கிடக்கும். அதிலிருந்து இறங்கும் டானின் கிருமியைக் கொஞ்சம் அடக்கும், இலையின் மேல் படரும் நுண்ணுயிர்களைக் குஞ்சு கொறிக்கும்.

பொரிந்து முதல் இரண்டு நாள் தீனியே வேண்டாம், வயிற்றோடு ஒட்டிய மஞ்சள்கருப் பை போதும். அது கரைந்ததும் மைக்ரோவார்ம் என்ற நுண்புழு. ஓட்ஸ் கஞ்சியில் கொஞ்சம் ஈஸ்ட் தூவி, ஒரு ஸ்பூன் தாய்ப்புழு விட்டால் ஒரு வாரத்தில் டப்பாவின் ஓரமெல்லாம் ஏறி நெளியும், வாசனை புளித்த தோசை மாவை நினைவுபடுத்தும் (வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல). தண்ணீரில் மூழ்கித் தரைக்கே போய்விடுவதும், கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பதும் இதன் பெருமை. அப்புறம் ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் குட்டி இறால் வகை, அதன் முட்டையைப் பொரிக்கவைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பு, தலைகீழாகக் கட்டிய பாட்டில், நல்ல காற்று, ஒரு பல்பு வெளிச்சம், ஒரு நாளில் ஆரஞ்சு நிறத்தில் பொரிந்து நிற்கும். துணியில் வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசி விடுங்கள். குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகப் பளிச்சென்று தெரிந்தால் சாப்பிட்டுவிட்டன என்று அர்த்தம். ஆனால் ஆர்ட்டீமியா உப்புத் தண்ணீரில் வாழும் உயிர், நம் தண்ணீரில் சில மணி நேரத்தில் செத்துத் தரையில் படியும், எனவே ஒரு வேளைக்கு நிறையப் போடாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

ஆறேழு வாரத்தில் திட்டுத்திட்டாக இருந்த நிறம் மாறி, அம்மா அப்பா மாதிரியே ஒரு குட்டிக் கோரி. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வலை வேண்டாம். முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்களை விறைத்து நிறுத்தினால் வலையில் சிக்கிக்கொள்ளும், பிரிக்கப்போனால் துடுப்பு கிழியும், முள்ளில் லேசான விஷமும் உண்டு, குத்தினால் விரல் ஒரு மணி நேரம் கடுக்கும். டம்ளரால் மொண்டு எடுங்கள்.